பெருநாடி பிளந்து கால் குளிர்ந்தால்: கண்டறிவது முதல் சத்திரசிகிச்சை, வீடு திரும்புதல் வரை

ஒருவரின் கால் திடீரென வெளிறி, குளிர்ந்து, விறைத்துப் போனால் காலுக்குப் போகும் நாடியை இரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றே எவரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்திலிருந்து புறப்பட்ட கட்டியோ, பல ஆண்டுப் புகையால் தடித்த நாடியோ காரணமாக இருக்கும். ஆனால் சிலரில் காலில் எந்தக் கோளாறும் இருக்காது. மார்பிலிருந்து வயிறு வரை இறங்கும் பெருநாடியின் சுவர் பிளந்திருக்கும். கட்டியடைப்பு என்று நம்பி உடனே கொடுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசி, அந்தச் சிலரின் உயிரையே எடுக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் விபத்துப் பிரிவில் இரவுக் கடமையில் நிற்கும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களையும் தாதியரையும், கட்டிலருகே கிளினிக் கொப்பியுடன் நிற்கும் உறவினர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சத்திரசிகிச்சை நுட்பங்களையும் விளக்கியிருக்கிறேன். என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்த குடும்பம் நல்ல கேள்விகளைக் கேட்கும், கையொப்பம் இடுவதற்குத் தயங்கி நேரத்தை இழக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

பெருநாடியின் சுவருக்கு மூன்று படைகள் உண்டு. உட்படையில் ஒரு கிழிவு விழுந்தால், இதயம் அழுத்தித் தள்ளும் இரத்தம் அதன் வழியே நடுப்படைக்குள் நுழைந்து, சுவரை நீளவாக்கில் உரித்துக்கொண்டே இறங்கும். இப்போது ஒரே குழாய்க்குள் இரண்டு பாதைகள். இரத்தம் முன்பு ஓடியது மெய்ப்பாதை, புதிதாக உரிந்தது பொய்ப்பாதை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருக்கும். பிளவு தொப்புள் மட்டத்தைக் கடந்தால், பெருநாடி இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகும் இடத்தையும் அது எட்டிவிடும்.

காலுக்கு இரத்தம் குறைவது இரண்டு விதம். முதலாவதில் பொய்ப்பாதை வீங்கி மெய்ப்பாதையை நசுக்கும், அல்லது மடல் கிளைநாடியின் வாயில் கதவாய் விழுந்து மூடும். இது அசையும் தடை. பெரும்பான்மையான நோயாளிகளில் இருப்பது இதுதான். அதனால்தான் காலையில் இல்லாத நாடித்துடிப்பு மதியம் திரும்பி, மாலையில் மீண்டும் மறையலாம். இரண்டாவதில் பிளவு கிளைநாடிக்குள்ளேயே புகுந்து, அங்கே இரத்தம் தேங்கி உறைந்துவிடும். இது நிலையான தடை. மேலே என்ன சரிசெய்தாலும் இது தானாகத் திறக்காது. எந்தச் சத்திரசிகிச்சை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

எங்கள் ஊர் வெங்காயத் தோட்டத்தில் வாய்க்கால் மேலே உடைந்து கீழ்ப்பாத்தி வாடினால், எவரும் பாத்தியைக் கொத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். உடைப்பைத்தான் முதலில் அடைப்பார்கள். அடைத்த பின்னும் தண்ணீர் வரவில்லையென்றால் அடுத்த வாய்க்காலிலிருந்து வெட்டி விடுவார்கள். கீழே சொல்லும் சிகிச்சை வரிசைக்கும் இதுவே அடிப்படை.

முதற் படி: சந்தேகப்படுதல்

நோயாளி பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர். பிரஷர் குளிசையை ஒழுங்காக எடுக்காதவர், அல்லது தனக்குப் பிரஷர் இருப்பதே தெரியாதவர். இளவயதினரில் மார்ஃபான் நோய் போன்ற பரம்பரைக் குறைபாடுகளை நினைக்க வேண்டும். வலி சடுதியாகத் தொடங்கும், தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். மார்பிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ தொடங்கி இடுப்பை நோக்கி இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது அந்த வலி தணிந்திருக்கக்கூடும். "முதலில் முதுகுதான் வலித்தது டொக்டர், அது இப்போது பரவாயில்லை. கால்தான் தூக்க முடியவில்லை" என்பார். நாமும் காலை மட்டும் பார்க்கத் தொடங்குவோம். விறைப்பையும் பலவீனத்தையும் கண்டு பாரிசவாதம் என்றோ முதுகெலும்புத் தட்டு விலகல் என்றோ வேறு விடுதிக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. எனவே காலைப் பற்றிச் சொல்பவரிடம் வலி எங்கே, எப்போது, எப்படித் தொடங்கியது என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

பிறகு கைவிரல்களால் தேடுங்கள். தொடையிடுக்கின் நடுவில் இரண்டு விரல்களை மென்மையாக வைத்துப் பத்து விநாடி பொறுங்கள். அழுத்தினால் உங்கள் விரலின் துடிப்பையே நோயாளியின் துடிப்பாக எண்ணிவிடுவீர்கள். மறுபக்கத்தைப் பாருங்கள். முழங்காலின் பின்புறம், பாதத்தின் மேற்புறம், உட்கணுக்காலின் பின்புறம் என இறங்குங்கள். கட்டியடைப்பில் தொடையிடுக்கில் துடிப்பு இருந்து கீழே இல்லாமற்போவது பொதுவானது. தொடையிடுக்கிலேயே துடிப்பு இல்லை, இதயத் துடிப்போ ஒழுங்காக இருக்கிறது என்றால் மேலே பாருங்கள். இரண்டு கைகளிலும் பிரஷர் அளவிடுங்கள். மேல் அளவில் 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வித்தியாசம் இல்லாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மார்பு எக்ஸ்ரேயும் ஈ.சி.ஜி.யும் இயல்பாக இருந்தாலும் அப்படியே.

வீட்டில் இருப்பவர்களுக்கு: எண்ணெய் பூசி உருவுவதும், குளிர்ந்த காலுக்குச் சுடுநீர்ப் போத்தல் வைப்பதும் வேண்டாம். விறைத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையிலிருந்து யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் ஒன்று அருகில் இருந்தால் அங்கே பிரஷரைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டு யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நெடுந்தீவு போன்ற இடத்தில் இருப்பவர்கள் குறிகட்டுவானுக்கு வரும் படகையும் கணக்கில் எடுக்க வேண்டியிருப்பதால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

இரண்டாம் படி: செய்யக் கூடாததைச் செய்யாதிருத்தல்

பெருநாடி பிளந்திருக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்துவிட்டால், ஸ்கான் பார்க்கும் வரை ஹெப்பரின் வேண்டாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நினைக்கவே வேண்டாம். ஃபோகார்ட்டி பலூனைத் தொடையிடுக்கு வழியே மேலே செலுத்திக் கட்டியை இழுக்கும் முயற்சியும் வேண்டாம். பிளந்த நாடிக்குள் அது பொய்ப்பாதையில் ஏறி, உரிந்த சுவரை மேலும் உரித்துவிடும்.

மூன்றாம் படி: பிரஷரும் நேரமும்

இரண்டு பெரிய ஊசிவழிகள், சிறுநீர்க் குழாய், இரத்த மாதிரிகள், இரத்த வங்கிக்குத் தகவல். இவை ஒருபுறம் நடக்கட்டும். முக்கியமானது வலியையும் இதயத்தின் வேகத்தையும் அடக்குவது. மோர்ஃபின் போன்ற வலிநிவாரணியைத் தாராளமாகக் கொடுங்கள், வலியே பிரஷரை ஏற்றும். லபெற்றலோல் அல்லது எஸ்மோலோல் மூலம் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 60 அளவிலும், மேல் பிரஷரை 100 முதல் 120 வரையிலும் கொண்டுவர வேண்டும். குழாய்களை விரிக்கும் மருந்து தேவைப்பட்டால், துடிப்பைக் குறைக்கும் மருந்துக்குப் பிறகே கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் இதயம் வேகமெடுத்து, கிழிவின் மீது இன்னும் பலமாக மோதும். கைகளில் வித்தியாசம் இருந்தால் கூடிய அளவு காட்டும் கையையே நம்புங்கள்.

இங்கே ஓர் இழுபறி உண்டு. கால் அதிக பிரஷரைக் கேட்கிறது, பெருநாடி குறைந்த பிரஷரைக் கேட்கிறது. என் கருத்தில் பெருநாடி சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் சிறுநீர் வற்றுகிறதா, நினைவு மங்குகிறதா என்று ஒவ்வொரு மணியும் பார்த்துக்கொண்டே குறைக்க வேண்டும்.

நேரம் பற்றிச் சொல்வதானால், இரத்தம் முற்றாக நின்ற தசை ஏறத்தாழ ஆறு மணிநேரத்தில் மீளமுடியாத சேதத்தை அடையத் தொடங்கும். நரம்பு அதற்கும் முன்னரே. கால்விரல்களைத் தொட்டால் தெரிகிறதா, அசைக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளின் பதிலை நேரத்துடன் எழுதி வையுங்கள். உணர்வு மட்டும் சற்றுக் குறைந்திருந்தால் சிறிது அவகாசம் இருக்கிறது. அசைவும் குறைந்தால் அவகாசம் இல்லை. கெண்டைத்தசை மரத்துக் கட்டையாகி, உணர்வும் அசைவும் அறவே போய், இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டொப்ளர் கருவியில் நாடி ஒலியும் நாள ஒலியும் கேட்காவிட்டால் அந்தக் கால் பெரும்பாலும் போய்விட்டது.

நான்காம் படி: ஸ்கான்

கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே மூச்சில் எடுக்கும் சீ.டி. அஞ்சியோகிராம் (நாடிகளுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கான்) தான் தேவை. வயிறு, கால் மட்டும் எடுப்பது பாதி வேலை. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கிரியேற்றினின் கூடியிருக்கிறது என்று ஸ்கானைத் தள்ளிப்போட வேண்டாம், சிறுநீரகத்துக்கு இரத்தம் போகாததே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

படத்தில் முதலில் தேடுவது இதயத்தை விட்டு மேலெழும் ஏறுபெருநாடியில் பிளவு இருக்கிறதா என்பது. 1970 முதல் வழக்கத்தில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் பாகுபாட்டின்படி, அங்கே பிளவு இருந்தால் ஏ வகை, இல்லாவிட்டால் பி வகை. அடுத்து முதற்கிழிவு எங்கே, மெய்ப்பாதை எவ்வளவு நசுங்கியிருக்கிறது, குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் இரத்தம் எந்தப் பாதையிலிருந்து போகிறது, இரண்டு தொடைநாடிகளில் எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடல் நாடியை மறந்துவிடாதீர்கள். கால் குளிர்ந்தவரின் வயிறும் வலித்து, இரத்தத்தில் லக்ரேற்று (இரத்தம் கிடைக்காத திசு வெளிவிடும் அமிலம்) ஏறியிருந்தால், ஆபத்து காலை விடப் பல மடங்கு பெரியது.

ஐந்தாம் படி: ஏ வகையானால் மார்புதான் முதலில்

சிகிச்சை பெறாத ஏ வகையில் முதல் இரண்டு நாட்களுக்கு ஒவ்வொரு மணிநேரமும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறப்பார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. எனவே மார்பைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யும் அணியும் இதய-நுரையீரல் இயந்திரமும் அந்த வேளையில் எங்கே ஆயத்தமாக இருக்கின்றனவோ, அங்கே நோயாளி போக வேண்டும். கொழும்புக்கு அனுப்புவதென்றால் தரைவழி ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அம்புலன்ஸ் புறப்படுவதற்கு முன்னரே இரு வைத்தியசாலைகளின் நிபுணர்களும் நேரடியாகப் பேசி, படங்களை அனுப்பி, சத்திரசிகிச்சைக் கூடம் காத்திருக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். மருந்துப் பம்புடனும் மயக்கமருந்து தெரிந்த வைத்தியருடனும் பயணம் நடக்க வேண்டும்.

அங்கே மார்பெலும்பைப் பிளந்து, பெரும்பாலும் வலது கக்கத்து நாடி வழியாக இயந்திரத்தின் இரத்தத்தை உடலுக்குள் செலுத்தி, உடலைக் குளிர்வித்து, சிறிது நேரம் உடலின் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, மூளைக்கு மட்டும் தனியாக ஓட்டம் கொடுத்தபடி, கிழிந்த ஏறுபெருநாடியை அகற்றி டாக்ரோன் என்ற செயற்கைத் துணியாலான குழாயைப் பொருத்துவார்கள். பெருநாடியின் அடிப்பகுதியிலும் வளைவிலும் எவ்வளவு மாற்றுவது என்பது கிழிவைப் பொறுத்தது. கிழிவு என்ற வாசல் மூடப்பட்டதும் இரத்தம் மெய்ப்பாதைக்குத் திரும்பும், அசையும் தடை உள்ள கால்களில் பெரும்பாலானவை அப்போதே சூடேறும். மார்பைத் தைத்து முடித்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே தொடையிடுக்குத் துடிப்பைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் அங்கேயே அடுத்த படிக்குப் போக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் விடியும் வரை பார்ப்போம் என்று விடுவது காலை இழக்கும் வழி.

கால் ஏற்கெனவே அசைவிழந்துவிட்டவர்களில், மார்பு வேலை நடக்கும் நேரத்திலேயே இயந்திரத்திலிருந்து ஒரு சிறு குழாயைத் தொடைநாடிக்குக் கொடுத்து அந்தக் காலைக் காக்கும் அணிகளும் உண்டு. ஆள்பலம் இருந்தால் நல்ல வழி.

ஆறாம் படி: பி வகையானால் உள்வழி மூடுதல்

பி வகை பொதுவாக மருந்தால் கட்டுப்படும். கால் குளிர்ந்துவிட்டால் அது சிக்கலுற்ற பி வகை, மருந்து மட்டும் போதாது. 1999 இல் முதன்முறையாக விரிவாக வெளியிடப்பட்ட முறைதான் இன்றைய முதல் தெரிவு. துணியால் போர்த்த ஸ்டென்ட் (விரியும் வலைக்குழாய்) ஒன்றைத் தொடைநாடி வழியாக ஏற்றி, மார்பிலுள்ள முதற்கிழிவின் மேல் விரித்து, வாசலை அடைப்பது.

இதில் ஒரே ஒரு விடயம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். வழிகாட்டும் கம்பி அடியிலிருந்து நுனி வரை மெய்ப்பாதையிலேயே போகிறது என்பதை நாடிக்குள் வைக்கும் அல்ட்ராசவுண்டாலோ உணவுக்குழாய் வழி எக்கோவாலோ நிச்சயப்படுத்த வேண்டும். பொய்ப்பாதையில் ஸ்டென்டை விரித்துவிட்டால் உடலின் கீழ்ப்பாதிக்கே இரத்தம் நின்றுபோகலாம். பிளந்த சுவர் மென்மையானது, எனவே மிகப் பெரிய அளவு ஸ்டென்டும் பலூனால் அழுத்தி விரிப்பதும் ஆகாது. இடது கைக்குப் போகும் நாடியின் வாயை மூட நேர்ந்தால் கழுத்து நாடியிலிருந்து அதற்கு மாற்றுவழி போட வேண்டி வரலாம். முள்ளந்தண்டுக்கு இரத்தம் குறைந்து இரண்டு கால்களும் செயலிழக்கும் ஆபத்தையும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். விழித்ததும் கால்களை அசைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வாசல் மூடியதும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். இடுப்பு நாடியில் நிலையான தடை மீந்திருந்தால் அங்கே போர்வையில்லாத ஸ்டென்ட் வைத்துத் திறப்பார்கள்.

ஏழாம் படி: காலுக்கு நேரடியாக இரத்தம் கொடுத்தல்

மேலே மூடியும் கால் திரும்பாதபோதும், ஸ்டென்டோ அதைப் பொருத்தும் அணியோ உரிய நேரத்துக்குக் கிடைக்காதபோதும் கைகொடுப்பது பழைய, நம்பகமான ஒரு சத்திரசிகிச்சை. நல்ல காலின் தொடைநாடியிலிருந்து கெட்ட காலின் தொடைநாடிக்குக் குறுக்குவழி போடுவது. பிளவைக் குணப்படுத்தாது, ஆனால் காலைக் காப்பாற்றும்.

இரண்டு தொடையிடுக்குகளையும் நீளவாக்கில் திறந்து பொதுத் தொடைநாடியையும் அதன் இரண்டு கிளைகளையும் வெளிக்கொணர்ந்து, ஒவ்வொன்றையும் மெல்லிய இரப்பர் நாடாவால் பிடித்துக்கொள்கிறோம். கொடுக்கும் பக்கத்து நாடி விரலின் கீழ் பலமாகத் துடிக்க வேண்டும். ஸ்கானில் நன்றாகத் தெரிந்தது என்பது போதாது, பலவீனமான நாடியிலிருந்து கடன் வாங்கினால் இரண்டு கால்களும் போகும். பூப்பெலும்புக்கு மேலே, தோலுக்கும் வயிற்றுத் தசையுறைக்கும் நடுவே விரலாலும் கருவியாலும் ஒரு சுரங்கம் தோண்டி, வழக்கமாக 8 மி.மீ. செயற்கைக் குழாயை முறுகாமல் மடியாமல் இழுத்து எடுக்கிறோம். இந்தக் கட்டத்தில், நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, அளவோடு ஹெப்பரின் கொடுக்கலாம்.

கெட்ட பக்கத்து நாடியைத் திறக்கும்போது பிளவு அதுவரை இறங்கியிருந்தால் உள்ளே இரண்டு குழிகளும் நடுவே வெளிறிய மடலும் கண்ணுக்கே தெரியும். மடலை ஒரு சிறு துண்டு வெட்டி நீக்கி, மீந்த ஓரத்தை வெளிச்சுவரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் எல்லாப் படைகளையும் பிடிக்க வேண்டும். உட்படையை விட்டுத் தைத்தால், இரத்தம் பாய்ந்தவுடன் அதுவே மடிந்து வாயை அடைக்கும். கீழே உறைந்த கட்டி இருந்தால் இப்போது, இந்தத் திசையில், ஃபோகார்ட்டி பலூனை மென்மையாகக் கீழ்நோக்கி அனுப்பலாம். கடைசித் தையல்களுக்கு முன் இரு பக்கமும் இரத்தத்தை ஒருகணம் பாயவிட்டு, காற்றையும் கட்டித் துணுக்குகளையும் வெளியேற்றுகிறோம். நாடியை இறுக்கிய கிளிப்புகளை விடுவதற்கு முன் மயக்கமருந்து வைத்தியருக்குச் சொல்லிவிட்டே விட வேண்டும்.

இரண்டு தொடையிடுக்கிலும் துடிப்பில்லை என்றால் கக்கத்து நாடியிலிருந்து உடலின் பக்கவாட்டில் தோலுக்கடியே நீண்ட குழாயை இறக்கி இரண்டு கால்களுக்கும் கொடுக்கலாம். பிளவு எட்டாத கையைத் தெரிந்தெடுப்பது முக்கியம், பி வகையில் அது வழக்கமாக வலது கை.

வயிற்றைத் திறந்து, சிறுநீரக நாடிகளுக்குக் கீழே பெருநாடியை இறுக்கி, மடலை வெட்டிச் சாளரம் திறந்து இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. அதையே கம்பியாலும் பலூனாலும் உள்வழியாகச் செய்வதும் உண்டு. திறந்த முறை பெரியது, இன்று அரிதாகவே தேவைப்படுகிறது. ஆனால் மற்ற வழிகள் அடைபட்டபோது அது இன்னும் உயிர் காக்கிறது.

எட்டாம் படி: தசையுறையைத் திறத்தல்

பாதத்தில் துடிப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிய பின்னர் இழந்த கால்கள் பல. பட்டினி கிடந்த தசைக்கு இரத்தம் திரும்பியதும் அது வீங்கும். முழங்காலுக்குக் கீழே இறுகிய உறைகளால் பிரிக்கப்பட்ட நான்கு அறைகளுக்குள் அதற்கு இடமில்லை. கால்விரலை மெதுவாக மேல்நோக்கி மடக்கும்போது நோயாளி துடித்தால், கெண்டைக்கால் இறுகினால், மருந்துக்கு மிஞ்சிய வலி இருந்தால், பாதத்தில் துடிப்பு இருந்தாலும் திறக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வலியைச் சொல்ல மாட்டார். அவரில் அறையின் அழுத்தத்தை அளந்து, கீழ்ப் பிரஷருக்கும் அதற்கும் இடைவெளி 30 மி.மீ.க்குக் குறைந்தால் திறப்பார்கள். ஆறு மணிநேரத்தைத் தாண்டிய கால் என்றால் நான் அளவுக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், அதே மேசையில் திறந்துவிடுவதே மேல்.

வெளிப்பக்கத்தில் ஒரு நீண்ட வெட்டு முன் அறையையும் வெளி அறையையும், உட்பக்கத்து வெட்டு பின்புறத்து இரண்டு அறைகளையும் விடுவிக்கும். சிறு வெட்டுகள் பயனற்றவை. நல்ல தசை சிவந்திருக்கும், கிள்ளினால் சுருங்கும், வெட்டினால் கசியும். புண்ணைத் திறந்தே வைத்துச் சில நாட்களில் தைப்பார்கள், அல்லது தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். முதன்முறை பார்க்கும் உறவினருக்கு அது பயங்கரமாகத் தெரியும். காலைக் காக்கவே அப்படித் திறந்து வைத்திருக்கிறது என்பதைத் தாதியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒன்பதாம் படி: முதல் மூன்று நாட்கள்

சேதமடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் அமிலமும் தசைநிறமியும் இரத்தத்தில் கலக்கும். இதயம் திடீரென நிற்பதற்குப் பொட்டாசியம் ஒன்றே போதும். சிறுநீர் கடும் தேயிலைச் சாயம் போல மாறினால் உடனே சொல்லுங்கள். சலைன் வேகத்தைக் கூட்டுவதும், தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பும் சிறுநீரகத்தைக் காக்கும். பாதத் துடிப்பை மணிக்கொரு முறை பார்த்து, அது இருக்கும் இடத்தில் பேனாவால் புள்ளியிட்டு வைத்தால் அடுத்த கடமைக்கு வருபவர் தேட வேண்டியதில்லை.

இறந்த காலை வைத்திருப்பது உயிரையே குடிக்கும் என்ற நிலை வந்தால், அகற்றுவதைத் தாமதிக்காமல் பேச வேண்டும். அதைச் சொல்வது மூத்த வைத்தியரின் கடமை. வராந்தாவில் நின்றபடி அல்ல, குடும்பத்தை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் பொருத்தி உழைத்து வாழும் பலரை நாம் தினமும் காண்கிறோம். போரின் பின் எங்கள் ஊர் இதைக் கற்றிருக்கிறது.

பத்தாம் படி: வீடு திரும்பிய பின்

கிழிவை மூடினாலும் உரிந்த பெருநாடி உடலுக்குள் இருக்கிறது. பிரஷரை 130/80க்குக் கீழே வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தக் கூடாது, கிளினிக் நாள் தவறினால் மறுநாளே போய் வாங்க வேண்டும். ஸ்கான் வழக்கமாக முதல் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுதோறும்.

சுருட்டும் சிகரெட்டும் முற்றாக நிற்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும். நடக்கலாம், மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம். மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவது கூடாது. கரைவலை இழுப்பது, நெல்மூட்டை சுமப்பது, நல்லூரில் தேர்வடம் பிடிப்பது எல்லாம் இதில் அடங்கும். முருகனை வீதியில் நின்று கும்பிடலாம். சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்து வாங்கப் போனால் பெருநாடி நோய் உண்டு என்று சொல்லுங்கள். சிப்ரோஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் பெருநாடி நோய் உள்ளவர்களுக்கு ஆகா என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசம்பரில் எச்சரித்தது.

பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் பிரஷரைப் பார்த்து, ஒரு தடவை எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளி அறுபது வயதுக்குக் குறைந்தவராக இருந்தாலோ, குடும்பத்தில் வேறு எவராவது சடுதியாக இறந்திருந்தாலோ இது இன்னும் அவசியம். கடைசி ஸ்கானின் தட்டையும், எந்த வகைப் பிளவு, எந்த இடத்தில் ஸ்டென்ட் அல்லது குழாய் என்று எழுதிய துண்டையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். அடுத்த முறை நள்ளிரவில் எந்த வைத்தியசாலையின் வாசலுக்குப் போனாலும், அங்கே நிற்பவர் முதலில் தேடப்போவது அந்தத் துண்டைத்தான்.